ஊசி ஓடினால் போடலாம்

அவர் இறந்ததைப் பற்றிச் செய்தித்தாளில் நாலு வரி போட்டிருந்தார்கள். நாலு வரியில் மூன்று தப்பு. வயது தப்பு, வேலை பார்த்த வருஷம் தப்பு. மூன்றாவதுதான் பெரிய தப்பு: "தடை செய்யப்பட்ட பாடலைத் தன் வீட்டிலிருந்து இசைத்தட்டு கொண்டுவந்து துணிச்சலாக ஒலிபரப்பி வேலையை இழந்தவர்." அவர் வீட்டிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. துணிச்சலாக எதையும் செய்யவும் இல்லை. விதிப்படி வேலை பார்த்த ஓர் அறிவிப்பாளர், அவ்வளவுதான். அவருடைய வேலை போனது என்னால். இதை ஐம்பது வருஷமாக வயிற்றில் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் தின்று, தூங்கி எழுந்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று அவரே எனக்குத் தடை போட்டிருந்தார். சரியாகச் சொன்னால், ரேடியோவில் சொல்லாதே என்றார். எழுதாதே என்று சொல்லவில்லை. இப்படிச் சந்து பொந்து தேடி நுழைவது எனக்குக் கைவந்த கலை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

வானொலி நிலையத்தில் அவரை எல்லாரும் சனிக்கிழமை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மற்ற நாள்களில் வானிலை, சந்தை விலை, காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு எல்லாம் படிப்பார். சனிக்கிழமை மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவருடைய ராஜ்யம். வெளிநாட்டு ஆல்பங்கள். சோல், ராக். அந்த ஒரு மணி நேரம் முடிவெட்டும் கடைகளில் கத்தரி நின்றுவிடும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் கீழ்த்தளத்தில் இசைத்தட்டு அறையில் இருப்பேன்.

நான் அந்த அறையின் குமாஸ்தா. எட்டு இரும்பு அலமாரிகள், தட்டை ஓட்டிப் பார்க்க ஒரு டர்ன்டேபிள், பாதிக் கதவு, கதவின் மேல் ஒரு பலகை. ஜன்னல் கிடையாது. அறிவிப்பாளர்கள் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்கள், நான் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவேன். இது பாதி வேலை. மீதி வேலைக்காகத்தான் எனக்கு ஆணி என்று பெயர் வைத்தார்கள்.

மாதம் ஒரு பெட்டி கப்பலில் வரும். புதுத் தட்டுகள் முதலில் மேல்மாடிக்குப் போகும். அங்கே மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து கேட்பார்கள். ஒருவருக்குக் காது மந்தம், ஒருவருக்கு ஆங்கிலம் மந்தம், மூன்றாமவருக்கு எல்லாமே மந்தம். கேட்டு முடித்து ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார்கள்: "பக்கம் ஒன்று, மூன்றாவது பாட்டு, வேண்டாம்." நான் மூன்று அங்குல ஆணியை எடுத்து அந்தப் பாட்டின் மேல் பெருக்கல் குறி கீற வேண்டும். ஊசி அங்கே வந்தால் துள்ளும், பாட்டு நகராது. சீட்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவர்கள் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அட்டையில் எழுதக் கூடாது, பதிவேட்டில் குறிக்கக் கூடாது. ஏனென்றால் எங்கள் நிலையத்தில் தடை என்று ஒன்று கிடையவே கிடையாது. மந்திரியே மேடையில் சொல்லியிருக்கிறார். ஆகவே அறிவிப்பாளர்களுக்கு இருந்தது ஒரே ஒரு விதி: ஊசி ஓடினால் போடலாம். ஓடாவிட்டால் ஏன் என்று கேட்காதே.

அந்த ஆணி இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு இருந்தது. வருஷக் கடைசியில் சரிபார்க்க வருபவர் அதைத் தூக்கிப் பார்த்து, "ஆணி ஒன்று, நல்ல நிலையில்" என்று எழுதிக்கொண்டு போவார். என்னைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை யாரும் எழுதியதில்லை.

கீறுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்டுவிடுவேன். அதற்கு அனுமதி கிடையாது, ஆனால் கதவைச் சாத்தினால் யாருக்குத் தெரியும்? அறுபத்தேழு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. அந்த மூன்று வருஷத்துப் பெட்டிகள் மாதிரி அதற்கு முன்னேயும் வரவில்லை, பின்னேயும் வரவில்லை. பெயர்களை அடுக்கிப் பீற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை, அட்டையைப் பார்த்து நாங்கள் வைத்த பட்டப்பெயர்களே போதும். 'ஆரஞ்சு' என்று ஒன்று. அட்டை முழுக்க ஒரே நிறம், ஓர் எழுத்து கிடையாது. உள்ளே ஒரு கிட்டார் இருக்கிறதே, கேட்டால் பல் கூசும், ஆனாலும் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். 'நாலு தாடி' என்று ஒன்று. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியே விடாமல் ஒரு பக்கம் முழுக்க ஓட்டுவார்கள். எது எங்கே முடிகிறது என்று மேல்மாடிக்குப் புரியாததால் முழுசாகத் தப்பித்த ஆல்பம் அது. 'பெரியம்மா' என்பது ஒரு சோல் பாடகி. அட்டையில் இடுப்பில் கை வைத்து, நம்மைத் திட்டுவதற்கு மூச்சு இழுத்துக்கொண்டு நிற்பார். அவர் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வரி பாதியில் நின்றுவிடும். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. வீட்டில் அப்பா பேச்சு, அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பேச்சு. என்னை மனுஷனாக மதித்துப் பேசியது அந்தத் தட்டுகள் மட்டும்தான். இன்றைக்கும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே 'மழைக்கோட்டு'. ஒல்லியான ஓர் ஆள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நிற்பான். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. முதலில் ஆர்கன் மட்டும், பிறகு பேஸ் கிட்டார், பிறகு அவன். ஒரு தொழிலாளி தன் மேஸ்திரியிடம் பேசுகிறான்: நாளைக்கு நான் வரப் போவதில்லை, காலையில் சங்கு ஊதும்போது நான் படுக்கையில் இருப்பேன். கத்தல் கிடையாது. மெதுவாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசி ஒரு நிமிஷம் சொல்லையெல்லாம் விட்டுவிட்டு வெறும் குரலாக அழுவான். ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி. தட்டு கைக்கு வந்த அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கேட்டேன். துறைமுகத்தில் அப்போது வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சீட்டு வந்துவிட்டது: வேண்டாம்.

எனக்கு மனசு வரவில்லை. கள்ளத்தனம் ஒன்று செய்தேன். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு முன்னால், விரல் அகலத்துக்கு வழவழவென்று வெறும் இடம் இருக்கும். பெருக்கல் குறியை அங்கே போட்டேன். மேற்பார்வையாளர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதாக அவருக்கு நினைப்பு. கடைசிப் பாட்டு பக்கத்தில் குறி இருந்தது, சரி என்று போய்விட்டார். அதற்கு முன்பே ஆறு பாட்டுகளை இப்படிக் காப்பாற்றி வைத்திருந்தேன். காப்பாற்றினேன் என்று எனக்குள் ஒரே பெருமை. யாருக்காகக் காப்பாற்றினேன்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒருவன் கேட்பதற்காக. அறிவிப்பாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குறியைப் பார்த்தால் போட மாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர்கள் எங்கே குறியைப் பார்த்தார்கள்? ஊசியைத்தான் பார்ப்பார்கள். அதுதானே விதி.

ஒரு சனிக்கிழமை அக்கா மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டுக்காக. அது காதல் பாட்டு, மேல்மாடி அனுமதித்தது. ஒன்றே முக்காலுக்கு யாரோ ஓர் அதிகாரியின் பேச்சு ஒலிநாடாவில் பதிந்து வர வேண்டும். வரவில்லை. காதல் பாட்டு முடியப் போகிறது, கையில் போடாத வேறு தட்டு இல்லை, ஒலிபரப்பில் அமைதி விழுந்தால் அறிவிப்பாளருக்குத் தண்டனை. அக்கா ஊசியைத் தூக்காமல் விட்டார். ஊசி அடுத்த பாட்டுக்குள் போனது. ஓடியது.

கீழே நடைக்கூடத்து ஸ்பீக்கரில் அந்த ஆர்கனைக் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு ஒரு மாடிப்படி, ஒரு திருப்பம். ஓடியிருந்தால் அவன் வாயைத் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். ஓடவில்லை. பயத்தில் கால் நகரவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் இல்லை, சந்தோஷம். என் பாட்டை ஊரே கேட்கிறது. சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றேன். என் கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட நான் அப்படிச் சிரிக்கவில்லை.

துறைமுகத்து கேன்டீனில் ரேடியோவை உச்சத்துக்கு வைத்துக் கேட்டார்களாம். மேசையைத் தட்டினார்களாம். இரண்டு மணிக்குள் மேல்மாடியில் மூன்று தொலைபேசிகளும் அடிக்க ஆரம்பித்துவிட்டன. அக்காவுக்கு அது இன்னும் தெரியாது. தட்டுகளைப் பலகையில் வைத்துவிட்டு, இத்தனை நாள் இந்தக் கடைசிப் பாட்டை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று வியந்தார். "நீ கேட்டிருக்கியா?" என்றார். கேட்டதில்லை என்றேன். திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். திங்கள்கிழமை விசாரணை, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நான் வர வேண்டும். அவர் போன பிறகு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டு வெளிப்பட்டால் வேலை போகும். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், மனைவிக்கு ஏழாம் மாதம். இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன்? எல்லாருக்கும்தான் குடும்பம் இருக்கிறது. அக்காவுக்கும் படுத்த படுக்கையாக அம்மா, படிக்கிற தம்பி. ஐந்து மணிக்கு ஆணியை எடுத்தேன். பெருக்கல் குறி என்றால் இரண்டு கோடுதான். நான் ஏழு கோடு போட்டேன். கறுப்புத் தூள் விரலெல்லாம் ஒட்டியது. அவன் குரலைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. நீளமான மேசை, பச்சைத் துணி விரிப்பு, மேலே மின்விசிறி. நூலகத்துத் தட்டைத்தான் போட்டேன், ஊசி ஓடியது என்று அக்கா நிதானமாகச் சொன்னார். அவர் பயப்படவே இல்லை, உண்மையைச் சொல்கிறவர் எதற்குப் பயப்பட வேண்டும்? தட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காதல் பாட்டு முடிந்தது, ஊசி கீறலில் துள்ளியது, டக் டக் என்று அதே இடத்தில் நின்று அடித்தது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள், எப்போது கீறினது என்று. வந்த வாரமே என்றேன். இந்தத் தட்டிலிருந்து அந்தப் பாட்டைப் போட முடியுமா என்று இயக்குநர் கேட்டார்.

"முடியாது சார். அவங்க வீட்டுல இருந்து வேற ரெக்கார்டு கொண்டு வந்திருக்கணும்."

யாரும் கேட்காத பதில் அது. நானாகச் சேர்த்தது.

அக்கா தட்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். லேசாக ஊதினார். கறுப்புத் தூள் பச்சைத் துணியில் விழுந்தது. இது புதுக் கீறல், தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது பாருங்கள் என்றார். இயக்குநர் துணியைத் தட்டிவிட்டு, தட்டுகளைச் சுத்தமாக வைக்கும்படி எனக்கு உத்தரவு போட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பாட்டைப் போட்டதற்காக அவரை நீக்கவில்லை, ஏனென்றால் தடைதான் கிடையாதே. வெளித் தட்டைக் கொண்டுவந்ததற்கும் விசாரணையில் பொய் சொன்னதற்கும் நீக்கினார்கள். உத்தரவில் 'நேர்மையின்மை' என்று இருந்தது. அந்த ஒரு சொல் போதும், வேறெந்த அலுவலகமும் படியேற்றாது. அவருடைய அம்மா அடுத்த வருஷம் காலமானார். மகள் பொய் சொல்லி வேலையைத் தொலைத்தாள் என்ற எண்ணத்தோடுதான் கண்ணை மூடினாராம்.

கடைசியில் அக்காவுக்கு வேலை கொடுத்தது நகரப் பேருந்து நிலையம். மாடிப்படிக்கு அடியில் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு, ஒரு மைக். பதினேழாம் எண் வண்டி மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது. பெரியம்மாவையும் நாலு தாடியையும் அறிமுகப்படுத்திய அதே குரல். முதலில் ஆள்கள் மூட்டையும் கையுமாக நின்று அண்ணாந்து பார்ப்பார்களாம், இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று. கொஞ்ச நாளில் மறந்துவிட்டார்கள். டீசல் புகையில் இருபத்தாறு வருஷம் வண்டி எண் படித்தார். பணிமனை மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் பிறந்தது. இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரியும். நான் அந்தப் பேருந்து நிலையத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வீட்டுக்கு நேர் வண்டி அங்கிருந்துதான். நான் இருபது நிமிஷம் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறுவேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் நம்பிப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சிபாரிசு செய்தாள்.

எனக்கு என்ன குறை? மேற்பார்வையாளர் ஆனேன். வானொலி நிலையம் பழைய தட்டுகளைக் குப்பையில் போட்டபோது வீட்டுக்குத் தூக்கி வந்து அடுக்கினேன். அதற்காக 'இசைக் காவலர்' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பல்லை இளித்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே காலம் மாறியது. தடை இருந்ததை அரசாங்கத்தாரே ஒப்புக்கொண்டார்கள், அதைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். இளவட்டங்கள் சிலர் அக்காவைத் தேடிப் பிடித்தார்கள். வேலைநிறுத்த நேரத்தில் தடைப் பாட்டைத் தன் வீட்டுத் தட்டிலிருந்து போட்ட பெண். எங்கிருந்து கிடைத்தது இந்தக் கதை? விசாரணைக் கோப்பிலிருந்து. என் வாக்குமூலத்திலிருந்து. நான் சொன்ன பொய் அவர்கள் கையில் வீரமாகிவிட்டது. அவர் பெயரில் கச்சேரி நடத்தினார்கள், மேடையில் ஏற்றி நாற்காலி போட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வானொலியிலிருந்து ஒரு பையன் போனில் பேசினான். நேரலை நிகழ்ச்சி, அறுபதுகளின் கடைசியில் வந்த மறக்க முடியாத பத்து ஆல்பங்களைப் பற்றி நான் பேச வேண்டுமாம். ஐயா, உங்களை விட்டால் ஆள் இல்லை என்றான். அன்றைக்கே முடிவு செய்தேன், பத்தாவதாக மழைக்கோட்டைச் சொல்வது, அதோடு எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. ஆனால் முதலில் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டி அதற்காவது துணிச்சல் வந்தது.

அக்கா மகளோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது மாடியில் இருந்தார். மகள் பள்ளிக்கூட ஆசிரியை, வேலைக்குப் போயிருந்தாள். அக்காவே கதவைத் திறந்தார். குரல் தடித்துவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. "வா ஆணி, உட்காரு" என்றார், நேற்று பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் மாதிரி. நான் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வெறும் இடத்தில் போட்ட குறி, ஐந்து மணி, ஏழு கோடு, எல்லாம். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தத் தூளைப் பார்த்தப்பவே தெரியும்."

பின்னே ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ இல்லைன்னு சொல்லுவ. உன்னைத்தான் நம்புவாங்க. ஆனா நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுல முதல் வருஷம் பூரா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து நின்னா நீயோன்னு நிமிர்ந்து பார்ப்பேன். வண்டி நம்பரைத் தப்பாப் படிச்சுத் திட்டுகூட வாங்கியிருக்கேன்."

அடுத்த வாரம் ரேடியோவில் ஊரறியச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொய் சொல்லவே இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"யாருக்காக?"

"உங்களுக்காகத்தான் அக்கா."

"எனக்காகவா." சுவரைக் காட்டினார். கச்சேரி விளம்பரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், நடுவில் அவருடைய படம். "இந்தப் பசங்க வாராவாரம் வராங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க, கடைக்குப் போயிட்டு வராங்க. எதுக்கு? நான் துணிஞ்சு போட்டேன்னு. முதல்ல நான் இல்லைன்னுதான் சொன்னேன். டேப் வரல, ஊசி ஓடிச்சு, விட்டுட்டேன்னு சொன்னேன். எவ்வளவு அடக்கம் பாருன்னு கைதட்டினாங்க. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். என் பொண்ணு கிளாஸ்ல பிள்ளைங்களுக்குச் சொல்றா, எங்கம்மா இப்படின்னு. இப்ப நீ போய் உண்மையைச் சொன்னா நான் யாரு? டேப் வரலைன்னு ஊசியைத் தூக்காம விட்டவ. அதுக்கா என் வேலை போச்சு? அதுக்கா எங்கம்மா அப்படிச் செத்தா? ஒண்ணுமில்லாததுக்கா?"

நான் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேலையை எடுத்துக்கிட்ட. இதையும் எடுக்காத." எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ரேடியோல கேட்டா, நான் வீட்டுல இருந்து கொண்டு வந்தேன்னே சொல்லு. உனக்கு ஒண்ணும் கஷ்டமா இருக்காது."

வாழ்க்கையில் பொய்யே பேசாத ஒருவர் வயசான காலத்தில் ஒரே ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவும் நான் செய்து கொடுத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சரி என்றேன்.

நிகழ்ச்சி காலை பதினோரு மணிக்கு. ஆரஞ்சில் ஆரம்பித்து ஒன்பது ஆல்பங்களைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன், அந்தத் தட்டுகளைப் பற்றிப் பேச எனக்குச் சொல்லியா தர வேண்டும்? பெரியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பத்தாவது மழைக்கோட்டு. இதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறதல்லவா என்று எடுத்துக் கொடுத்தான். இருக்கிறது என்றேன். அந்தப் பாட்டை வந்த வாரமே நான் கீறிவிட்டேன், அக்கா தன் சொந்தத் தட்டைக் கொண்டுவந்தார், தெரிந்தே போட்டார், விசாரணையில் என்னைப் போன்ற கோழைகள் நடுவே தலைநிமிர்ந்து நின்றார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேயர்கள் வரிசையாகப் பேசினார்கள். ஒரு பெண், அப்படி ஒரு ஆள் பக்கத்தில் வேலை பார்க்க நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. அக்காதான்.

"கேட்டேன்" என்றார்.

அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன் அக்கா, இப்போதாவது என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"எதுக்கு மன்னிக்கணும் ஆணி? நீ வந்த வாரமே கீறிட்ட. நான்தான் வீட்டுல இருந்து கொண்டு வந்தேன். நீ ஒண்ணுமே பண்ணலையே. பண்ணாததுக்கு எப்படி மன்னிக்கிறது?"

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன மாதம் அவர் போய்ச் சேரும் வரை நாங்கள் பேசவில்லை. யாருங்க போனில் என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். யாரோ நேயர் என்றேன்.